பாயிண்ட்ஸ்மேன் தொண்டையும் பெருமுக்கல் முட்டையும்

வெள்ளைக் கோட்டில் கஞ்சி மடிப்பு இன்னும் கலையாத ஆய்வக மாணவர்களான உங்களுக்கு ஓர் உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் பணிக்காலத்தின் முதல் பாதி, முன்பின் தெரியாதவர்களைத் துப்பச் சொல்வதில் கழிந்தது. மறுபாதி, கோழி முட்டைகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பதில் கழிந்தது. “இதுக்கா கப்பலேறிப் போய்ப் படிச்சீங்க மாப்பிள்ளை?” என்று என் மாமனார் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

இன்ஃப்ளுயன்சா தடுப்பு மருந்து ஆராய்ச்சியின் ஆரம்ப நாட்களைப் பற்றி ஊக்கம் தரும்படி நாலு பக்கம் வேண்டும் என்று உங்கள் துறைத் தலைவர் கேட்டிருக்கிறார். செய்முறைகளை நான் எழுதப் போவதில்லை. அவை புத்தகத்தில் இருக்கின்றன. என் காலத்தில் இருந்ததைவிட நன்றாகவே இருக்கின்றன. புத்தகத்தில் இல்லாதது நான் செய்த முட்டாள்தனங்கள்தான். ஊக்கம் வேண்டுமானால் அதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு தப்புச் செய்த ஆளுக்கே ஒரு காரியம் கைகூடியிருக்கிறது என்றால், உங்களுக்கு என்ன குறை?

முப்பதுகளில் இந்தக் காய்ச்சலுக்குக் காரணம் ஒரு வைரஸ்தான் என்று வெளிநாட்டில் கண்டுபிடித்தார்கள். ஃபெரெட் என்ற பிராணியின் மூக்கில் நோயாளியின் தொண்டைநீரை விட்டு, அது தும்மியதைப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். ஃபெரெட் நம் கீரிக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருக்கும். நம் ஊரில் கிடையாது. கப்பலில் தருவித்த இரண்டும் சென்னை வெயிலைப் பார்த்த வாரமே உயிரை விட்டன. தம்பி போனால் என்ன, அண்ணனை வைத்துப் பார்ப்போம் என்று ஒரு கீரியைப் பிடித்துவரச் செய்தேன். அதன் மூக்கில் சொட்டு விடக் குனிந்தேன். அது என் மூக்கைக் கடித்தது. பத்து நாள் தும்மிக்கொண்டு கிடந்தவன் நான். கீரி சுகமாக இருந்தது.

அப்போது எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் மலைமேல் இருந்த தலைமை ஆய்வகத்தின் தலைவர். அதிகம் பேசமாட்டார்; பேச வேண்டியதைச் சிவப்பு மையில் எழுதிவிடுவார். நான் குணமாகி அந்த ஆய்வகத்துக்குத் திரும்பி வந்து குறிப்பேட்டைத் திறந்தபோது அதில் இப்படி இருந்தது: “பிராணி எண் இரண்டு நலம். பிராணி எண் ஒன்று விடுப்பில்.”

அவர் வாயால் சொன்ன அறிவுரை ஒன்றே ஒன்றுதான் எனக்கு நினைவிருக்கிறது. “நிச்சயம்னு தோணுற அன்னைக்குத்தான்யா ஒப்பீட்டுக்குன்னு, வேற மாதிரி செஞ்சு, நாலு ஒதுக்கி வைக்கணும். சந்தேகம் இருக்கிற அன்னைக்கு எவனும் வைப்பான்.” அப்போது எனக்கு அது விளங்கவில்லை. தலையை மட்டும் ஆட்டிவைத்தேன்.

சில ஆண்டுகள் கழித்து, இந்த வைரஸ் அடையில் இருக்கும் கோழிமுட்டைக்குள் நன்றாக வளரும் என்று செய்தி வந்தது. எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. கோழிக்கு நம் நாட்டில் பஞ்சமில்லை. தவிர, முட்டை கடிக்காது.

மேலதிகாரி என்னைத் திண்டிவனத்துக்கு அனுப்பினார். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு பழைய மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கிடங்கு. அதுதான் ஆய்வகம். கிருமிநாசினியை எவ்வளவு ஊற்றிக் கழுவினாலும் மல்லாட்டை வாசனை போகவில்லை; இன்றும் யாராவது கடலை வறுத்தால் எனக்கு இன்ஃப்ளுயன்சா ஞாபகம் வரும். ஊரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இரண்டு. சுற்றுவட்டாரக் கிராமங்களில் முட்டை கிடைக்கும். அடுத்தது, விழுப்புரம் ஜங்ஷன் பக்கத்தில் இருந்தது. மாகாணத்தில் எந்தக் காய்ச்சலும் விழுப்புரத்தில் வண்டி மாறாமல் எங்கும் போகாது.

யுத்த காலம். மார்கழி பிறந்து நாலைந்து நாள் ஆகியிருக்கும், விழுப்புரம் ரயில்வே குவார்ட்டர்ஸில் காய்ச்சல் வந்துவிட்டது என்று தகவல் வந்தது. உப்புநீரும் கண்ணாடிக் கிண்ணங்களும் எடுத்துக்கொண்டு பாசெஞ்சரில் ஓடினேன். முதல் வீட்டில் போர்வைக்குள் இருந்தவர் கோதண்டம். பாயிண்ட்ஸ்மேன். அதாவது, வருகிற வண்டி எந்தத் தண்டவாளத்தில் போக வேண்டுமோ அதற்கேற்ப யார்டில் நெம்புகோலை இழுத்துவிடுகிறவர்.

“வாயில ஊத்திக் கொப்புளிச்சு இதுல துப்புங்க” என்றேன்.

“மருந்தா சார்?”

“இல்லை. மருந்து இனிமேல்தான் செய்யணும். இதுலேருந்து.”

“என் எச்சில்ல இருந்தா?” அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். “கேட்டியாடி? இத்தினி நாளா துப்புனதெல்லாம் வேஸ்டு.”

“சும்மா துப்பிக் குடுய்யா. டாக்டரு வண்டிக்குப் போவணும்ல?”

துப்பிக் கொடுத்தார். இடுப்பைச் சுற்றி அவருக்குத் தடித்த சிவப்புக் கோடு ஒன்று இருந்தது. என்ன என்று கேட்டேன்.

“துண்டு சார். ஆளுங்கெல்லாம் படுத்துட்டாங்க. நானே மூணு டூட்டி சேர்ந்தாப்புல பாத்தேன். நின்னா தல சுத்துது. வுழுந்துட்டா இன்னா பண்றது? அதான் துண்டால இடுப்ப கம்பத்தோட கட்டிக்கினேன்.”

“அந்த நிலைமையிலயா வண்டியை விட்டீங்க?”

“வண்டிங்கெல்லாம் நல்லாத்தான் போச்சு. ஒன்னும் ஆவல. ஆனா சார்…” குரலைத் தாழ்த்தினார். “மெயிலு வண்டி வர்ற நேரத்துல எனக்கு ரெண்டு மெயிலு தெரிஞ்சுது. எது நெசம்னு ஒரு நிமிசம் ரோசனை பண்ணிக்கினு நின்னேன்.”

திரும்பி வரும்போது மடியில் கிண்ணம், ஐஸ், உமி. எதிர்த் தண்டவாளத்தில் ஒரு வண்டி கடந்துபோனது. ஒன்றுதானா என்று எட்டிப் பார்த்துக்கொண்டேன். அடுத்த மார்கழிக்கு முன்னால் அந்தக் குவார்ட்டர்ஸுக்குத் தடுப்பூசி போட்டாக வேண்டும் என்று அந்தப் பெட்டியில் உட்கார்ந்தபோதுதான் முடிவு செய்தேன். அதுவரை எனக்கு இன்ஃப்ளுயன்சா என்பது பட்டம் வாங்கித்தந்த பாடம். அன்றுமுதல் அது, துண்டைக் கட்டிக்கொண்டு நிற்கும் ஒரு மனிதர்.

கோதண்டத்தின் தொண்டைநீரில் இருந்த வைரஸ் முட்டையில் வளர்ந்தது. அதற்கு ‘பாயிண்ட்ஸ்மேன்’ என்றே பெயர் வைத்தேன். ஒரு முட்டையில் வளர்ந்ததை எடுத்து அடுத்த முட்டையில் விட வேண்டும். அதில் வளர்ந்ததை அதற்கடுத்ததில். கைமாற்றிக்கொண்டே போகிற தீபம் மாதிரி. நடுவில் அணைந்தால் போச்சு. மறுபடி ஏற்றுவதற்கு அடுத்த காய்ச்சல் வரவேண்டும். வந்தால் மருந்து தேவைப்படுகிறவர்களுக்கு மருந்து இருக்காது.

முட்டை கொண்டுவந்தவள் கன்னியம்மா. மரக்காணம் சாலையில் பெருமுக்கல் மலைக்குக் கீழே அவளுடைய ஊர். முப்பது வயது இருக்கும். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவள். வேலையில்லாத நாட்களில் தெருவில் எந்த வீட்டுக் கோழி எப்போது அடையில் உட்கார்ந்தது என்று கணக்கு வைத்திருந்து, பத்து நாள் அடைகாத்த முட்டைகளை வைக்கோல் போட்ட கூடையில் கொண்டுவருவாள். அடை வைத்த நாளைக் கரிக்கோட்டால் முட்டையிலேயே குறித்திருப்பாள். எங்களிடம் விளக்கு வைத்த பெட்டி ஒன்று இருந்தது, முட்டைக்குள் உயிர் இருக்கிறதா என்று பார்க்க. அவள் கையைக் குழாய்போல் குவித்து முட்டையைச் சூரியனுக்கு நேரே பிடிப்பாள். “இது இருக்குது. இது இல்ல.” பெட்டி அவளோடு ஒருநாளும் மாறுபட்டதில்லை.

கூடையின் மேல் எப்போதும் ஒரு கரித்துண்டு, ஓர் இரும்பு ஆணி, ஒரு காய்ந்த மிளகாய் இருக்கும். இடி இடித்தால் அடைமுட்டை கெட்டுவிடுமாம், அதற்குக் காப்பு. நான் சிரித்துக்கொண்டே அவற்றை எடுத்து ஜன்னலுக்கு வெளியே போடுவேன். அவள் போகும்போது பொறுக்கி எடுத்துக்கொண்டு போவாள். இருவருமே ஒருவரையொருவர் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டு மரியாதையாக இருந்தோம்.

வைரஸ் வளர்ந்ததா என்று பார்க்க அப்போது புதிதாக ஒரு சோதனை வந்திருந்தது. முட்டைநீரோடு கோழி ரத்தத்தைச் சிறிது கலந்து கண்ணாடிக் குழாயில் நிறுத்தி வைப்பது. வைரஸ் இல்லையென்றால் ரத்த அணுக்கள் அடியில் வந்து குங்குமப் பொட்டுப்போல் குவியும். வைரஸ் இருந்தால் பொட்டு விழாது. அடி முழுக்க மெல்லிய சிவப்பாகப் பரவி நிற்கும். கன்னியம்மா ஒருநாள் இதை எட்டிப் பார்த்துவிட்டு, “பொட்டு இல்லன்னா சந்தோசப்படற ஆள ஒலகத்துலயே இப்பதான் சார் பாக்கறேன்” என்றாள்.

ஏழு கைமாற்றம் அருமையாகப் போனது. அந்த ஏழாவது முட்டைநீரில் ஐந்து சிறு குப்பிகளை ஐஸ் வைத்த பிளாஸ்கில் சேமித்தேன். அப்புறம்தான் எனக்குப் புத்தி வந்தது. புத்தி வந்தது என்று நான் எழுதினால், ஏதோ கெடப்போகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றில் ஓர் ஆய்வகத்தின் படம் வந்தது. முத்துப்போல் வெள்ளை வெளேரென்று வரிசையாக முட்டைகள். எங்கள் முட்டைகளைப் பார்த்தேன். எச்சம், வைக்கோல், கரி. வெட்கமாகப் போய்விட்டது. அன்றே ஒரு பலகை எழுதி வாசலில் மாட்டினேன்: “முட்டைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிக் கொண்டுவரவும். உத்தரவுப்படி.” கீழே என் கையெழுத்து, பட்டங்கள் சகிதம்.

அடுத்த கூடை பளபளவென்று வந்தது. எட்டாவது கைமாற்றத்தில் முட்டையைத் திறந்தால் நீர் கலங்கியிருந்தது. நாற்றம் மல்லாட்டை வாசனையையே தோற்கடித்தது. ஒரு குப்பியைச் செலவழித்து ஏழிலிருந்து மறுபடி தொடங்கினேன். மறுபடியும் அழுகல். இரண்டாவது குப்பி. மூன்றாவது. வெயில் என்றேன். முட்டைகளைக் கதகதப்பாக வைக்கும் முட்டை அடுப்பின் விளக்கெண்ணெய் என்றேன். ஊசி சரியில்லை என்றேன். பெருமுக்கல் சேவல்களின் குணநலனைச் சந்தேகித்தேன். ஒரு கட்டத்தில் எதிரி நாட்டு உளவாளியைக்கூட யோசித்தேன். சுத்தத்தின்மேல் சந்தேகமே வரவில்லை. சுத்தம் நான் போட்ட உத்தரவு அல்லவா?

நாலாவது குப்பியும் போனபோது மேலதிகாரியின் கடிதம் வந்தது. “வெள்ளிக்கிழமை வருகிறேன். உயிருள்ள வைரஸைக் காட்டவும். இல்லையேல் கட்டடத்தை ராணுவம் கேட்கிறது, கொடுத்துவிடலாம். கீரி உம்மை விசாரித்தது.”

கையில் ஒரே ஒரு குப்பி. முட்டைக்குள் விட்டால் வளர மூன்று நாளாகும். அப்படியானால் செவ்வாய்க்கிழமை விட்டாக வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலை கன்னியம்மா பளபளக்கும் கூடையோடு வந்தாள். நான் முந்தின தடவை அழுகிய முட்டைகளை வாளியில் கொட்டிக்கொண்டிருந்தேன்.

“இன்னா சார், கொட்டறீங்க? சாப்புடலியா?”

“எதை?”

“முட்டையத்தான்.”

நான் வாளியைக் கீழே வைத்தேன். “இதை நான் சாப்பிடுறேன்னு யார் சொன்னது?”

“யாரு சொல்லணும்? ஊரே சொல்லுது. பத்து நாள் அடையில இருந்ததுதான் வோணும், உள்ள அரைக்குஞ்சு இருக்கணும்னா வேற இன்னாத்துக்கு? மொதல்ல எங்களுக்கு ஒரு மாரியாத்தான் இருந்துது. அப்பறம், பெரிய படிப்பு படிச்சவரு, ஒடம்புக்கு எதுனா நல்லதா இருக்கும்னு உட்டுட்டோம். எங்க தெருவுல ஒருத்தன் தின்னுகூட பார்த்தான்.”

“என்ன ஆச்சு?”

“ஒன்னும் ஆவல. படிப்பும் வரல.” சொல்லிவிட்டுப் பலகையைக் காட்டினாள். “கழுவி எடுத்தாரச் சொல்லி எழுதிப் போட்டீங்களே, அன்னிக்கே முடிவு பண்ணிட்டோம். திங்கறவங்கதான கழுவிக் கேப்பாங்க?”

மாதக்கணக்கில் அவள் வந்துபோகிறாள். முட்டை எதற்கு என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. அன்று சொன்னேன். கோதண்டத்தைச் சொன்னேன், துண்டை, இரண்டு மெயிலை, முட்டைக்குள் வளர்வதை எல்லாம். அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்.

“அப்ப உள்ள இருக்கற குஞ்சு உசுரோட இருக்கணுமா?”

“கடைசிவரைக்கும் உயிரோட இருக்கணும்.”

“அட, பேஜாரு புடிச்ச வேல பண்ணியிருக்கீங்களே சார்! அடமுட்டைய எவளாவது கழுவுவாளா? கோழி மேல ஒரு பூச்சு பூசித்தான் அனுப்புது. அத நீங்க சோப்பு போட்டுத் தேச்சுட்டா, கண்டது உள்ள பூந்து கூமுட்டையாத்தான் பூடும்.”

கூமுட்டை என்ற சொல் முட்டைக்கு மட்டும் உரியதல்ல என்பது உங்களுக்குத் தெரியும். அவள் முட்டையைத்தான் சொன்னாள் என்று இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறேன்.

“இதை ஏன் முன்னாடியே சொல்லல?”

“நீங்க கேக்கல. கவுர்மெண்டு எழுதிப் போட்டுதுன்னு செஞ்சேன். நீங்க ஏன் முன்னாடியே சொல்லல, முட்டை இன்னாத்துக்குன்னு?”

அதனால் சொல்கிறேன்: உங்களுக்குக் கூடை சுமக்கிறவர், குழாய் கழுவுகிறவர், துப்பிக் கொடுக்கிறவர் எல்லோருக்கும் இது எதற்காக என்று சொல்லிவிடுங்கள். மரியாதைக்காக அல்ல, உங்கள் நலனுக்காக. தெரியாத காரியத்தில் உத்தரவுப்படி நடப்பார்கள். தெரிந்தால்தான் உங்களைத் தடுப்பார்கள்.

“கழுவாதது இன்னிக்குள்ள கிடைக்குமா?” என்றேன்.

“கோழிங்கள எழுப்பணும். சண்டைக்கு வரும். பாக்கறேன்” என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் அப்போது பஸ்கள் கரியை எரித்து ஓடிக்கொண்டிருந்தன. ஓடிக்கொண்டிருந்தன என்பது பேச்சுக்கு. மதியம் திரும்ப வேண்டியவள் வரவில்லை. மூன்று மணி ஆயிற்று. பிளாஸ்கில் ஐஸ் கரைந்து தண்ணீராகிக்கொண்டிருந்தது. நான் வாசலுக்கும் பிளாஸ்குக்கும் நடந்து நடந்து என் பலகையை நூறு தடவை படித்தேன். பட்டங்கள் ஒவ்வொரு தடவையும் நீளமாகிக்கொண்டே வந்தன.

வெயில் தாழ்ந்தபின் சாலைத் திருப்பத்தில் கூடை தெரிந்தது. நடந்தே வந்திருந்தாள்.

“பாதி வழியில பஸ்ஸு படுத்துக்குச்சு சார். நடந்துட்டேன். ஆட்டம் குடுக்கல, தண்ணிக் கொடம் மாரி எடுத்தாந்தேன்.” கூடையை இறக்கினாள். எச்சம், வைக்கோல், கரிக்கோடு எல்லாம் அப்படியே. மேலே ஆணி, கரி, மிளகாய். “இத்த வெளிய போட்டீங்கன்னா முட்டைய எடுத்துக்கினு போயிடுவேன். எங்க வூட்டு அடையவும் கலைச்சு எடுத்தாந்திருக்கேன்.”

போடவில்லை.

குப்பியில் இருந்தது பன்னிரண்டு முட்டைக்குத்தான் போதும். பன்னிரண்டையும் கழுவாமல் வைக்கத்தான் கை துடித்தது. இவள் சொல்வது சரி என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. நிச்சயமாகத் தெரிந்த அந்த நிமிஷத்தில்தான் சிவப்பு மைக்காரர் என்றோ சொன்னது காதில் விழுந்தது. தலையாட்டிவைத்த அறிவுரை பல வருஷம் கழித்து வட்டியோடு வந்து நின்றது.

நாலு முட்டைகளை எடுத்துச் சோப்புப் போட்டுக் கழுவ ஆரம்பித்தேன்.

“ஐயையோ! அது எங்க தெரு செங்கேணி வூட்டு கோழியுது! தெரிஞ்சே கெடுக்கறீங்களே?”

“வெள்ளிக்கிழமை ஒருத்தர் வர்றார். கழுவினதுதான் தப்புன்னு எப்படித் தெரியும்னு கேப்பார். நீ சொன்னேன்னு சொன்னா நம்பமாட்டார். இந்த நாலு முட்டை சொன்னா நம்புவார்.”

“ஏன், அவரு வூட்டுல கோழி இல்லியா?”

ஊசியால் ஓட்டில் துளையிடுவதற்குச் சற்றுமுன், துளையிடும் இடத்தை மட்டும் சாராயப் பஞ்சால் ஒரு புள்ளியளவு துடைத்தேன். அதற்கும் அவள் முகம் சுளித்தாள். அனுமதித்தாள்.

வெள்ளிக்கிழமை மேலதிகாரி வந்தார். கன்னியம்மாவும் வந்திருந்தாள், முட்டை கொண்டுவர அல்ல, செங்கேணி வீட்டு முட்டை என்ன ஆயிற்று என்று பார்க்க. சோதனைக்குக் கொஞ்சம் ரத்தம் கொடுக்க அவளுடைய சேவலையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

முதலில் கழுவிய நாலையும் திறந்தேன். மேலதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார். அடுத்து எட்டு. ஒன்றில் குஞ்சு இறந்திருந்தது. மற்ற ஏழிலும் நீர், இளநீர்போலத் தெளிவாக இருந்தது.

தெளிவு மட்டும் போதாது. குப்பி பழையது, அதில் வைரஸ் உயிரோடு இருந்ததா என்பதே சந்தேகம். ஏழு குழாய்களில் முட்டைநீர்; எட்டாவதில் வெறும் உப்புநீர். சேவலின் ரத்தத்தைக் கலந்து நிறுத்தினேன். ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். சேவல் மட்டும் அவ்வப்போது தன் கருத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது.

உப்புநீர்க் குழாயில் முதலில் பொட்டு விழுந்தது. அழகான, வட்டமான பொட்டு. மற்ற ஏழையும் குனிந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கன்னியம்மா எனக்கு முன்னால் குனிந்தாள்.

“பொட்டு இல்ல!” என்று கத்தினாள். “சார், ஒன்னுத்துல கூட பொட்டு இல்ல! ஏழுலயும் இல்ல!”

மேலதிகாரி திடுக்கிட்டார். பொட்டு இல்லை என்று ஒரு பெண் குதிப்பதை அவரும் அன்றுதான் பார்த்தார். வந்து ஒவ்வொரு குழாயாகத் தூக்கிப் பார்த்தார். ஏழிலும் அடி முழுக்கச் சிவப்பு பரவி நின்றது. பாயிண்ட்ஸ்மேன் உயிரோடு இருந்தார்.

“கழுவக்கூடாதுன்னு யார் கண்டுபிடிச்சது?” என்று கேட்டார்.

“கன்னியம்மா. பெருமுக்கல்.”

“அறிக்கையில அப்படியே எழுது.” பிறகு முட்டை அடுப்பின் மேல் இருந்த ஆணியையும் மிளகாயையும் காட்டினார். “இதுக்கு ஒப்பீடு வச்சியா?”

“இல்லை சார். தைரியம் வரல.”

ஆணியைத் தொடப் போன கையை இழுத்துக்கொண்டார். “வேண்டாம். இருக்கட்டும்” என்றார்.

அவர் வண்டியேறிப் போனபின் குறிப்பேட்டைத் திறந்தேன். சிவப்பு மையில் ஒரு வரி: “பிராணி எண் ஒன்று பணிக்குத் திரும்பியது.” எனக்குக் கிடைத்த பதக்கங்களெல்லாம் எங்கோ பெட்டியில் கிடக்கின்றன. அந்தப் பக்கத்தை மட்டும் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன்.

பலகையைக் கழற்றினோம். முட்டைகள் அழுக்காக வந்தன. வைரஸ் சுத்தமாக வளர்ந்தது. அதை மருந்தால் கொன்று, பாதுகாப்பானதா என்று பார்த்து, முதல் ஊசியை நானும் இரண்டாவதை மேலதிகாரியும் போட்டுக்கொண்டு, ஐப்பசி மழை விட்டபோது பெட்டியோடு விழுப்புரம் போய்ச் சேர்ந்தோம்.

குவார்ட்டர்ஸ் மரத்தடியில் கூட்டம். கோதண்டம்தான் முன்னின்று ஏற்பாடு செய்திருந்தார். எல்லோருக்கும் தைரியம் சொல்வதற்காக மார்பைத் தட்டிக்கொண்டு பேசினார்: “யாரும் பயப்படாதீங்க! இது வெளியூர் சரக்கு இல்ல. நம்ம சரக்கு. என் தொண்டையில இருந்து எடுத்தது!”

கூட்டம் நாலடி பின்வாங்கியது.

“எவன் எச்சிலையோ நாங்க ஏத்திக்கணுமா?” என்றது ஒரு குரல். ஒரு வருஷ உழைப்பு ஒரு வாக்கியத்தில் கவிழ்வதைப் பார்த்துக்கொண்டு ஊசியும் கையுமாக நின்றேன். எச்சில் ஒரு துளிகூட இதில் இப்போது இல்லை என்று நான் அறிவியல் பேசினேன். இன்னும் இரண்டடி பின்வாங்கினார்கள்.

அப்போது கன்னியம்மா சேலைத் தலைப்பைத் தோளுக்கு மேல் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். பெருமுக்கலிலிருந்து எங்களோடு தானாகவே வந்திருந்தாள், யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

“எனக்குப் போடுங்க சார்.” கையை நீட்டினாள். கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். “எச்சிலாம் எச்சிலு. போன மார்கழியில அந்தாளு இருமுனப்ப, தோ இங்க நின்ன எல்லார் மூஞ்சியிலயும்தான் அடிச்சுது. அத சும்மா வாங்கிக்கினீங்க. வேக வெச்சு வடிகட்டி குடுத்தா கசக்குதா? என் கோழிங்க இதுக்கு அடையே உட்டுட்டு நிக்குது. ஜல்தியா வாங்க, எனக்கு பஸ்ஸு இருக்குது.”

நாங்கள் எதையும் வேக வைக்கவில்லை. திருத்தவும் இல்லை. அடுத்த கை கோதண்டத்தின் மனைவியுடையது. அதற்கடுத்து, எவன் எச்சில் என்று கேட்டவர். மாலைக்குள் பெட்டி காலி.

மார்கழி வந்தது. காய்ச்சலும் தன் வண்டியில் வந்து இறங்கியது. ஊசி போட்டவர்கள் ஒருவர்கூடத் தும்மவில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் நீங்கள் விவரங்களைத் தேடிப் பார்க்கும் வயதில் இருக்கிறீர்கள். சிலர் தும்மினார்கள். சிலர் ஒருநாள் படுத்தார்கள். ஊரில் ஜனங்கள் தெருத்தெருவாகச் சாய்ந்தபோது அந்தக் குவார்ட்டர்ஸ் நின்றது. ஒரு டூட்டிகூட ஆளில்லாமல் போகவில்லை.

அந்த மார்கழியில் ஒருநாள் காலை, பனி கலைகிற நேரத்தில், நான் வந்த பாசெஞ்சர் விழுப்புரம் யார்டுக்கு வெளியே மெயிலுக்காக ஒதுங்கி நின்றது. ஜன்னலைத் திறந்தேன். நெம்புகோலைப் பிடித்துக்கொண்டு கோதண்டம் நின்றிருந்தார். துண்டு தோளில் இருந்தது. என்னைப் பார்த்ததும் வாயைத் திறந்து என்னவோ சொன்னார். அதற்குள் மெயில் இரைந்துகொண்டு எங்கள் நடுவே புகுந்துவிட்டது. பெட்டி பெட்டியாகக் கடந்து கடைசிப் பெட்டியும் போனபின் பார்த்தேன்.

அவர் கையைத் தலைக்கு மேல் உயர்த்தி, ஒரே ஒரு விரலைக் காட்டிக்கொண்டு நின்றார்.

“ஒன்னுதான் சார்! ஒரே மெயிலு!”